மாட்டுக்கு ரப்பர் மேட் போடலாமா, பட்டியில அவுத்து விடலாமா?

கோபிப்பையன்:
ஆறு எச்எஃப் (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்ங்கிற சீமை இனம்) கலப்பு மாட்டுக்கு கொட்டாய் போடப்போறேனுங்க. கொத்தனார் மாட்டுக்கு மூணடி அகலம் போதும், சிமெண்ட் தரைங்கிறார். மேட் போடணுமா? அப்பா அந்தக் காசுக்கு தீவனம் வாங்கலாம்ங்கிறார்.

பட்டிக்காரன்:
அப்பா சொல்றதுதான் சரி. மாட்ட கயித்துல கட்டியே போடாதீங்க தம்பி. சுத்தி வேலி, செம்மண் தரை, ஒரு ஓரமா கூரை. மாட்டுக்கு கூரைக்கடியில 40 சதுர அடி, வெளிய 80 இருந்தா புடிச்ச எடத்துல அதுவே படுத்துக்கும்.

மேட்டுக்கட்சி:
ஐப்பசி மழையில உங்க செம்மண் என்னாகும்னு சொல்லலியே? சேத்துல மடி பட்டா மடிநோய்க்கு வேற காரணமே வேணாம். மாடு ஒரு நாளைக்கு 10, 12 மணி நேரம் படுக்கணும், வெறும் சிமெண்ட்ல படுக்க யோசிச்சு நின்னுக்கிட்டே இருக்கும், படுத்தாலும் முட்டியில வீக்கம். மேட் போட்டே ஆகணும்.

பட்டிக்காரன்:
மேட்டுக்கடியில தேங்குற மூத்திரத்த தினமும் தூக்கி கழுவுறது நீங்களா? வாசப்படியிலயே நாத்தம் அடிக்குது சில கொட்டாயில.

கொட்டாய்க்காரி:
ரெண்டு பேரும் மேட்டையே புடிச்சு தொங்குறீங்க. தம்பி, மொதல்ல அளவ பாருங்க. மூணடியில எச்எஃப் மாடு காலை நீட்டி படுக்காது, நாலடி வேணும். தீவனத் தொட்டியில இருந்து சாணி வாய்க்கால் வரைக்கும் நீளம் அஞ்சரை அடி, மாட்ட அளந்து கூட்டிக் குறைச்சுக்கங்க, ரொம்ப நீளமா விட்டா படுக்குற எடத்துலயே சாணி விழும், குட்டையா விட்டா பின்னங்கால் வாய்க்காலுக்குள்ள போயிரும். அந்த அஞ்சரை அடிக்கு வாய்க்கால் பக்கமா ஒன்றரை இஞ்ச் வாட்டம் (சரிவு) குடுத்தா மூத்திரம் தானா ஓடிரும், பாதி நாத்தம் அதுலயே போச்சு. வழவழன்னு பூச விடாதீங்க, கோடு இழுக்க சொல்லுங்க. மாடு எந்திரிக்கிறப்ப தலைய முன்னால நீட்டித்தான் பின்பக்கத்த தூக்கும், அதனால தொட்டிச் சுவர ஒசத்திக் கட்டி கயிற இறுக்கிப் போட்டா மெத்தையே விரிச்சாலும் படுக்காது.

மேட்டுக்கட்சி:
அளவு சரிதாங்க்கா, ஆனா அத்தனையும் செஞ்சாலும் சிமெண்ட் சிமெண்ட்தானே.

கொட்டாய்க்காரி:
மேட் வேணாம்னு நான் சொல்லவே இல்லியே, வாட்டம் இல்லாத தரைக்கு மேட் போட்டு பிரயோஜனம் இல்லைங்கிறேன். இன்னொண்ணு, கறந்த உடனே தீவனம் போட்டு அரைமணி நேரம் நிக்க வைங்க, காம்புத் துவாரம் மூடுறதுக்குள்ள சாணியில படுத்துட்டா எந்த தரையா இருந்தாலும் மடிநோய்தான்.

கோபிப்பையன்:
எடமே 20 அடிதாங்க்கா இருக்கு, ஆறு மாட்டுக்கு நாலடின்னா எப்படி?

கொட்டாய்க்காரி:
அஞ்சு மாடு கட்டுங்க.

பட்டிக்காரன்:
ஆறாவத எனக்கு குடுத்துருங்க தம்பி, பட்டியில எடம் கெடக்கு 😀