பிறந்தநாள் போட்டோக்களில் அம்மாவைக் காணவில்லை: கொண்டாட்டத்தைச் சுருக்கலாமா?

மழைச்சாரல்:
போன ஞாயிறு மகளுக்கு எட்டு வயது முடிந்தது. மூன்று வாரமாக வேறு நினைப்பே இல்லை. யார் யாரைக் கூப்பிடுவது, இவர்களைக் கூப்பிட்டால் அவர்கள் முகத்தைத் தூக்கிக்கொள்வார்களா, எந்தக் குழந்தைக்கு எது ஒத்துக்கொள்ளாது, நாற்காலி போதுமா என்று படுத்த பிறகும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அறுபது பேர் வந்தார்கள், எல்லாம் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் வீட்டுக்காரர் போனில் இருந்த 214 போட்டோக்களையும் உட்கார்ந்து பார்த்தேன். நான் இருப்பது மூன்றில். ஒன்றில் முதுகு மட்டும், ஒன்றில் கதவோரம் பாதி முகம், இன்னொன்றில் கையில் குப்பைப் பை.

அதைக்கூட விட்டுவிடலாம். ராத்திரி மகளிடம் உனக்கு எது ரொம்பப் பிடித்தது என்று கேட்டேன். முந்தின நாள் நானும் அவளும் தரையில் உட்கார்ந்து கலர் பேப்பர் வெட்டிக்கொண்டிருந்தபோது செல்லோடேப் என் முடியில் ஒட்டிக்கொண்டது. எப்படி இழுத்தும் வரவில்லை. கடைசியில் அவளே கத்தரிக்கோலை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒரு கொத்து முடியோடு நறுக்கி எடுத்தாள். அதுதான் பிடித்ததாம். "நீ அப்ப சிரிச்சியேம்மா" என்றாள். விழா அன்றைக்கு நான் சிரிக்கவே இல்லை என்பதை அந்தப் பிள்ளை கவனித்திருக்கிறது.

அதனால் முடிவு செய்துவிட்டேன். இனி பிறந்தநாள் என்றால் வீட்டில் இருக்கிற நாலு பேர், ஒரு சாயங்காலம், அவ்வளவுதான். மாமியாருக்கு வருத்தம். வீட்டுக்காரர் "உன் இஷ்டம்" என்கிறார். நான் செய்வது சரியா? மனசில் பட்டதைச் சொல்லுங்கள்.

ஆறு பேருக்குப் பாட்டி:
உன் களைப்பு எனக்குத் தெரியாததில்லை மகளே, மூன்று பிள்ளைகளுக்கு இதையெல்லாம் செய்தவள் நான். ஆனால் கணக்கில் ஒன்றை விட்டுவிட்டாய். அந்த செல்லோடேப் ராத்திரி எதனால் வந்தது? மறுநாள் அறுபது பேர் வருகிறார்கள் என்பதால்தானே நீயும் அவளும் வேலையெல்லாம் ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்து பேப்பர் வெட்டினீர்கள்? விழா இல்லையென்றால் முந்தின ராத்திரியும் கிடையாது. சாதாரண ஒரு சனிக்கிழமை ராத்திரி நீ துணி மடித்துக்கொண்டு இருந்திருப்பாய், அவள் போனைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள்.

கடைக்குட்டி:
பாட்டிம்மா சொல்வதோடு என் பக்கத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் நான் அந்தப் பக்கத்தில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் ஐந்து பிள்ளைகள், நான் கடைசி. அக்காக்களுக்குப் பெரிதாகச் செய்தார்கள், எனக்கு வரும்போது அம்மா ஓய்ந்துபோயிருந்தார். முதலில் "இந்த வருஷம் சின்னதா" என்று ஆரம்பித்தது. அப்புறம் "ஞாயித்துக்கிழமை பார்க்கலாம்" ஆனது. பத்தாவது வயதில் சாயங்காலம் வரை யாருக்கும் ஞாபகம் இல்லை, நானும் சொல்லவில்லை. சொல்லிக் கேட்டு வாங்கினால் அது வாழ்த்தா என்ன? அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை, இன்று நானும் அம்மாதான், அந்த உடம்பு எப்படி வலித்திருக்கும் என்று புரிகிறது. ஆனாலும் அந்தச் சாயங்காலம் இன்னும் உள்ளே இருக்கிறது. அக்கா, சுருக்குவது சுருக்கியதோடு நிற்பதில்லை. அதுதான் என் பயம்.

மழைச்சாரல்:
படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை தங்கச்சி. ஆனால் நான் மறக்கப் போவதாகச் சொல்லவில்லையே. அறுபது பேருக்காக ஓடுவதை நிறுத்திவிட்டு அவளோடு உட்காரப் போகிறேன் என்றுதான் சொல்கிறேன். பாட்டிம்மா கேட்டதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. அது உண்மைதான்.

வாசகி:
இந்த இடத்தில் ஒரு விஷயம். பார்பரா ஃபீஸ் என்ற உளவியல் ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் குடும்ப வழக்கங்கள் பற்றி ஐம்பது வருஷமாக வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் பழக்கத்தையும் சடங்கையும் பிரித்துக் காட்டுவார்கள். பழக்கம் என்பது "இதைச் செய்து முடிக்க வேண்டும்" என்கிற வகை, முடிந்ததும் மறந்துவிடுவோம். சடங்கு என்பது "நாங்கள் இப்படிப்பட்ட குடும்பம்" என்று சொல்வது, நடக்காமல் போனால் மனசு தேடும். ஒரே காரியம் ஒரு வீட்டில் பழக்கமாகவும் இன்னொரு வீட்டில் சடங்காகவும் இருக்கலாம். சாரல் அக்காவின் வீட்டில் அறுபது பேர் வருவது பழக்கமாகிவிட்டது, பேப்பர் வெட்டும் ராத்திரிதான் சடங்காக இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அப்படியானால் அந்த ராத்திரியை வைத்துக்கொண்டு அறுபது பேரை விடலாமே? பாட்டிம்மா சொல்வது போல விருந்தாளி வந்தால்தான் பேப்பர் வெட்ட முடியும் என்று ஒன்றும் இல்லை.

ஆறு பேருக்குப் பாட்டி:
வெட்டலாம் கண்ணு. யாருக்காக வெட்டுகிறோம் என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வாய்? வருகிறவர்களுக்காக வீட்டை அழகு செய்கிற வேலைக்கு ஒரு வேகம் உண்டு, அந்த வேகத்தில்தான் சிரிப்பும் வருகிறது.

நைட்ஷிப்ட் அப்பா:
எல்லோரும் அந்த வீட்டுக்காரரை ஒரு வரியில் ஓரம் கட்டிவிட்டீர்கள். அந்த ஓரத்தில் நிற்கிறவன் சார்பாக நான் கொஞ்சம் பேசுகிறேன். என் வீட்டிலும் இதே கதைதான். பலூன் கட்டினேன், உயரம் சரியில்லை என்று அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். அழைக்க வேண்டியவர்களுக்கு நானே செய்தி அனுப்பினேன், "இப்படியா எழுதுவாங்க" என்று கேட்டாள். இரண்டு வருஷம் இப்படிப் போனது, மூன்றாவது வருஷம் "என்ன வாங்கிட்டு வரணும் சொல்லு" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். சொன்னால் செய்கிறேன், எதையும் மறுத்ததில்லை. அப்படியிருந்தும் கெட்ட பெயர் எனக்குத்தான். போட்டோ எடுத்தவனுக்கும் அந்தப் போட்டோவில் இடம் கிடையாது அக்கா, 214இலும் உங்கள் வீட்டுக்காரர் எத்தனையில் இருக்கிறார் என்று எண்ணிப் பார்த்தீர்களா?

மழைச்சாரல்:
எண்ணவில்லை தம்பி. இப்போது போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஐந்து.

வாசகி:
தம்பி, பலூனை அவிழ்த்துக் கட்டியது தப்புதான், அதை நான் ஒத்துக்கொள்கிறேன், நானும் அப்படிச் செய்திருக்கிறேன். ஆனால் "சொன்னால் செய்கிறேன்" என்பதில் சொல்வது யார் வேலை? அலிசன் டாமிஞ்சர் என்ற சமூகவியலாளர் 35 தம்பதிகளைத் தனித்தனியாகப் பேட்டி எடுத்து 2019இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். வீட்டுக் காரியத்தில் மூளை செய்கிற வேலையை நாலாகப் பிரிக்கிறார்: என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே பார்ப்பது, என்னென்ன வழி இருக்கிறது என்று தேடுவது, முடிவெடுப்பது, முடிவெடுத்தது ஒழுங்காக நடக்கிறதா என்று கவனித்துக்கொண்டே இருப்பது. முடிவெடுப்பதில் இரண்டு பேரும் ஏறக்குறைய சமமாகவே கலந்துகொள்கிறார்கள். முன்கூட்டிப் பார்ப்பதும் கடைசி வரை கவனிப்பதும் பெண்கள் தலையில்தான் அதிகம் விழுகிறது. "உன் இஷ்டம்" என்பது மூன்றாவது கட்டத்தில் வந்து சொல்கிற வார்த்தை. மீதி மூன்று கட்டத்தையும் அக்கா ராத்திரி படுக்கையில் செய்து முடித்துவிட்டார்.

நைட்ஷிப்ட் அப்பா:
சரி, அதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் முன்கூட்டிப் பார்க்கிற இடத்தில் எங்களை உட்காரவும் விட வேண்டும். தப்பாகக் கட்டிய பலூன் ஒரு நாள் அப்படியே தொங்கினால் குடிமுழுகிப் போகாது. அது தொங்க விடப்பட்டிருந்தால் நான் நாலாவது வருஷமும் கட்டியிருப்பேன்.

கடைக்குட்டி:
போட்டோ பேச்சு வந்ததால் சொல்கிறேன், அன்றைக்கு யாரும் போட்டோவே எடுக்காமல் இருந்தால் என்ன? லிண்டா ஹெங்கல் என்ற உளவியலாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மியூசியத்தில் பொருள்களைப் போட்டோ எடுத்தவர்களுக்கு, சும்மா பார்த்தவர்களைவிட அவை குறைவாகவே ஞாபகம் இருந்தன.

வாசகி:
அதே ஆய்வின் மறுபாதியையும் சொல்ல வேண்டும் தங்கச்சி. ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு ஞாபகம் குறையவில்லை. உற்றுப் பார்த்து எடுத்தால் பிழைத்துக்கொள்கிறது. அதுவுமில்லாமல் சின்ன வயதில் நடந்ததைப் பற்றி அம்மாக்கள் பிள்ளைகளோடு விரிவாகப் பேசப் பேசத்தான் பிள்ளைகளின் ஞாபகமும் விரிவாகிறது என்று ராபின் ஃபைவஷ் போன்ற உளவியலாளர்கள் பல வருஷமாகக் காட்டி வருகிறார்கள். பேச்சைத் தொடங்க ஒரு போட்டோ இருந்தால் நல்லதுதான். 214 வேண்டாம், அவ்வளவுதான்.

தனிமரம்:
நான் பெரும்பாலும் படிப்பதோடு சரி. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது. அவள் இருந்தவரை எங்கள் வீட்டில் மாதம் ஒரு விசேஷமாவது இருக்கும், இல்லையென்றால் யார் வீட்டு விசேஷத்துக்காவது நாங்கள் கிளம்பிக்கொண்டிருப்போம். "எதுக்கு இத்தனை பேர்" என்று நான் சலித்துக்கொண்டதுண்டு. அவள் போன முதல் வருஷம் எல்லோரும் வந்தார்கள், போனில் பேசினார்கள். இரண்டாவது வருஷம் என் மகனின் பிறந்தநாளுக்கு என் சொந்தத் தம்பி போன் செய்யவில்லை. எனக்குக் கோபம். அப்புறம் ஒரு நாள் அலமாரியில் அவள் டைரி கிடைத்தது. ஒவ்வொரு பக்கத்திலும் பெயர்கள். என் தம்பியின் இரண்டு பிள்ளைகளின் பிறந்தநாள், என் அத்தைக்குக் கண் ஆபரேஷன் நடந்த தேதி, என்னுடன் வேலை செய்தவரின் மகளுக்குப் பரீட்சை முடிவு வரும் நாள். பக்கத்திலேயே சின்னதாக ஒரு டிக், பேசிவிட்டாள் என்பதற்கு. நான் நாலு வருஷத்தில் ஒரு டிக் கூடப் போடவில்லை. தம்பி என்னை மறக்கவில்லை, நான்தான் அவன் பிள்ளைகளை மறந்திருக்கிறேன்.

மழைச்சாரல் அம்மா, நிறுத்தாதீர்கள். அந்த அறுபது பேர் உங்கள் மகளுக்கு வேண்டும்.

வாசகி:
ஐயா, உங்கள் எழுத்தைப் படித்ததும் மிகேலா டி லியனார்டோவின் ஞாபகம் வந்தது. கலிபோர்னியாவில் இத்தாலிய வம்சாவளிக் குடும்பங்களோடு பழகி ஆராய்ந்த மானுடவியலாளர். 1987இல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு பெயரே வைத்தார், உறவு வேலை என்று சொல்லலாம். கடிதம், போன், வாழ்த்து அட்டை, போய்ப் பார்ப்பது, விழாவுக்கு ஆள் சேர்ப்பது எல்லாம் வேலைதான், அதைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான் என்றார். மனைவி பிரிந்தாலோ அம்மா இறந்தாலோ அந்த வேலை அப்படியே நின்றுபோய்விடுகிறது என்பதையும் அவர் பார்த்து எழுதியிருக்கிறார். கணவர் பக்கத்துச் சொந்தத்தையும் மனைவிதான் தாங்குகிறாள்.

ஆனால் நீங்கள் சொல்லும் முடிவுக்கு என்னால் வர முடியவில்லை, மன்னிக்க வேண்டும். உங்கள் மனைவியின் டைரி, இந்த வேலை ஒருத்தியின் கையில் மட்டும் இருக்கக் கூடாது என்பதற்குத்தான் சாட்சி. அவர் இருக்கும்போதே அதில் பாதிப் பெயர்கள் உங்கள் கையெழுத்தில் இருந்திருந்தால் உங்கள் தம்பி இன்றும் போன் செய்துகொண்டிருப்பார்.

தனிமரம்:
உண்மை. இதைப் படித்ததும் தம்பியின் மூத்த பெண்ணுக்குப் போன் செய்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல் நாலு நிமிஷத்தில் வைத்துவிட்டேன். இருந்தாலும் டிக் போட்டேன்.

ஆறு பேருக்குப் பாட்டி:
நாலு நிமிஷம் போதும் தம்பி. அடுத்த தடவை அந்தப் பிள்ளையே பேசும்.

மழைச்சாரல்:
ஐயா எழுதியதை வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார், அரை மணி நேரம் கழித்து வந்து உட்கார்ந்தார். ரொம்ப நேரம் பேசினோம். சுருக்குகிற முடிவை விட்டுவிட்டேன், ஆனால் பழையபடியும் இல்லை. ஏழு வாரத்தில் மகனுக்குப் பிறந்தநாள் வருகிறது. அதை முழுசாக அவர் எடுத்துக்கொள்கிறார். யார் வருகிறார்கள், எப்போது, எங்கே, எல்லாம். பலூன் கோணலாக இருந்தால் கோணலாகவே இருக்கட்டும் என்று நைட்ஷிப்ட் தம்பியை நினைத்துக்கொண்டு வாக்குக் கொடுத்திருக்கிறேன். முந்தின ராத்திரி பேப்பர் வெட்டுவது மட்டும் என்னுடையது, அதைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பத்தே நிமிஷத்தில் முதல் கேள்வி வந்துவிட்டது: "யார் யாரைக் கூப்பிடணும், ஒரு லிஸ்ட் எழுதிக் குடேன்." என்ன செய்யட்டும்?

வாசகி:
எழுதிக் கொடுக்காதீர்கள். அந்த லிஸ்ட்தான் முழு வேலையும். அதைக் கொடுத்துவிட்டால் மீண்டும் நீங்கள் சொல்கிறவர், அவர் செய்கிறவர்.

ஆறு பேருக்குப் பாட்டி:
அப்படி அடமாக இருக்கக் கூடாது. முதல் தடவை யாரும் தெரிந்துகொண்டு வருவதில்லை. என் மாமியார் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பேராகச் சொல்லிக் கொடுத்தார், இவர் யார், அவருக்கு என்ன முறை, போன தடவை என்ன மனஸ்தாபம் என்று. ஆணுக்கு மட்டும் கற்றுக்கொள்ள வாய்ப்பு வேண்டாமா? சொல்லிக் கொடு மகளே.

நைட்ஷிப்ட் அப்பா:
பாட்டிம்மாவுக்கு என் ஓட்டு. ஆனால் எழுதிக் கொடுக்க வேண்டாம் அக்கா, வாயால் சொல்லுங்கள், அவர் கையால் எழுதட்டும்.

கடைக்குட்டி:
நான் வாசகி அக்கா பக்கம். சொந்த அக்கா, தம்பியில் ஆரம்பித்தால் பெயர் தானாக வரும். விட்டுப்போனால் ஒரு வருஷம் விட்டுப்போகட்டும்.

மழைச்சாரல்:
விட்டுப்போனால் மனஸ்தாபம் என் பேரில்தான் எழுதப்படும் தங்கச்சி, அதுதான் கஷ்டம். ஆனாலும் இன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. இப்போது கூடத்தில் உட்கார்ந்து அவருடைய அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருக்கிறார். "பசங்களுக்குப் பரீட்சை எப்ப முடியுது?" என்று கேட்கிறார். பன்னிரண்டாம் தேதி. எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை, அக்கா சொல்லட்டும் என்று துணி மடித்துக்கொண்டிருக்கிறேன். அவர் பேனா தேடுகிறார்.