காசநோய் மருந்தைப் பாதியில் விடுவது ஏன்: எந்த முறையில் தொகுப்பது?

காசிமேடு கதிர்:
காசநோயாளிகள் மருந்தை ஏன் பாதியில் நிறுத்துகிறார்கள் என்று நேர்காணல் ஆய்வுகளைத் திரட்டி சிஸ்டமேடிக் ரிவ்யூ (வந்த ஆய்வுகளை முறைப்படி தேடித் தொகுப்பது) செய்யப்போகிறோம். என் கட்சி மெட்டா எத்னோகிராஃபி, அதாவது ஆய்வுகளின் கருத்துகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் புதுப் புரிதல் தேடுவது. குழுவில் சிலர் தீமேட்டிக் சிந்தசிஸ், அதாவது கிடைத்ததைக் கருவாரியாகத் தொகுப்பது, போதும் என்கிறார்கள். எனக்கு அது பட்டியல் போடும் வேலை.

தண்டையார்பேட்டை மலர்:
பட்டியலா? தாமஸும் ஹார்டனும் 2008இல் எழுதியதைப் படித்துவிட்டுப் பேசுங்கள் கதிர். வரிக்கு வரி கோடிங் (ஒவ்வொரு வரியும் என்ன சொல்கிறது என்று பெயரிடுவது), பிறகு விவரிப்புக் கருக்கள், கடைசியில் பகுப்பாய்வுக் கருக்கள். மூல ஆய்வுகளைத் தாண்டிப் போவது இந்த மூன்றாவது படியில்தான். பலர் இரண்டாவதோடு கடையைக் கட்டிவிட்டால் முறை என்ன செய்யும்?

காசிமேடு கதிர்:
காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் போட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். எங்கள் பக்கம் ஒரு அம்மா அதைச் சொல்லித்தான் மாத்திரையை நிறுத்தினார். கோடிங்கில் அது 'பக்கவிளைவு' என்று விழும். ஆனால் அவர் பயந்தது உடம்புக்காக இல்லை. பொதுக் கழிப்பறையில் அடுத்து நிற்பவர் பார்த்துவிட்டால் மகளுக்கு வந்த வரன் போய்விடும் என்றுதான். விசைப்படகில் போகிறவர் மருந்தை விட்டதற்குக் காரணம் 'வேலை' என்பார்; எல்லார் முன்னாலும் மாத்திரை அட்டையைப் பிரிக்க அவருக்குக் கூச்சம். ரெண்டும் ஒன்றுதானே மேடம்? நோப்லிட்டும் ஹேரும் 1988இல் காட்டிய வழி இதுதான்: ஓர் ஆய்வின் கருத்தை இன்னொன்றின் பக்கத்தில் வைத்து, ஒத்துப்போகிறதா முட்டுகிறதா என்று பார்ப்பது.

தண்டையார்பேட்டை மலர்:
அந்த அம்மாவிடம் நீங்கள் பேசியதால் புரிந்தது. கட்டுரையில் நமக்குக் கிடைப்பது ரெண்டு வரி மேற்கோள். கருத்தே இல்லாத மெலிந்த கட்டுரைகளை எதன் பக்கத்தில் வைப்பீர்கள்? அதுவும் எண்ணிக்கை கூடினால் அவ்வளவுதான்.

ஓட்டேரி சிஸ்டர்:
2007இல் இதே கேள்விக்கு வந்த ரிவ்யூ 44 கட்டுரைகளை நோப்லிட்-ஹேர் வழியில்தான் தொகுத்தது. ஆகவே எண்ணிக்கையை வைத்துப் பயமுறுத்த வேண்டாம். ஆனால் தொகுத்த முடிவை எவ்வளவு நம்பலாம் என்று மதிப்பிடும் கிரேட்-செர்குவால் பற்றி ரெண்டு பேரும் வாயே திறக்கவில்லையே! ஆய்வுகளின் குறைகள், முடிவு தரவோடு ஒட்டுகிறதா, தரவு போதுமா, நம் கேள்விக்குப் பொருந்துமா என்று நாலையும் பார்ப்பார்கள். தம்பி சொல்லும் கூச்சம் ரெண்டே ஆய்வில் நின்றால் நம்பகம் 'குறைவு' என்றுதான் வரும்.

காசிமேடு கதிர்:
வரட்டும் அக்கா. 'பக்கவிளைவு' என்று எழுதி நம்பகம் 'அதிகம்' வாங்கி, அதற்கொரு துண்டறிக்கை அச்சடிப்பதற்கு இது மேல்.

தண்டையார்பேட்டை மலர்:
முதலில் தேடலை முடியுங்கள். அடர்த்தியான கட்டுரைகள் தேறினால் நானும் உங்கள் கட்சி.

காசிமேடு கதிர்:
ரிவ்யூ திட்டங்களை முன்கூட்டியே பதியும் ப்ராஸ்பெரோ தளத்தில் பதியும்போதே முறையைக் கேட்பார்களே?

தண்டையார்பேட்டை மலர்:
ரெண்டையும் போடுங்கள். எது வந்தால் எது என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள். அப்புறம் மாற்றினால்தான் வம்பு.