நாவலடி வளவு யாருடையது? அப்பப்பாவின் முன்னோரைத் தேடுகிறேன்

ரொறன்ரோப் பேரன்:
வணக்கம். என் அப்பப்பாவின் ஊர் சுழிபுரம். 'நாவலடி வளவு' (வளவு என்றால் வீடும் சுற்றியுள்ள காணியும்) என்றால்தான் ஊரில் அவரைத் தெரியுமாம். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு சரி. அதனால் வளவுப் பெயரைப் பிடித்து அவருடைய தகப்பன், பாட்டன் என்று மேலே போகப் பார்த்தேன். அவரின் சகோதரர்களுடைய பிள்ளைகளோ, அப்படியொரு வளவு தங்களுக்கு இருந்ததே இல்லை என்கிறார்கள். பெயர் மாறிவிட்டதா? எங்கே தேடலாம்?

வலிகாமத்து ஆச்சி:
தம்பி, நீங்கள் தேடுகிற பக்கம்தான் பிழை. யாழ்ப்பாணத்தில் வீடு வளவு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை அங்கே போய் இருப்பார். தாயின் சீதனம் மகள்மாருக்கு, தகப்பனின் முதுசம் (பரம்பரைச் சொத்து) மகன்மாருக்கு என்ற பழைய வழக்கம் ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் ஏற்றிய தேசவழமை என்ற யாழ்ப்பாண வழக்கச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே நாவலடி வளவு உங்கள் அப்பம்மாவினுடையதாக இருக்கும். அவருக்கு முன்னால் அவரின் தாய், அதற்கு முன்னால் அம்மம்மா.

வம்சாவளி எழுதுகிறவர்கள் இந்தப் பெண்களின் பெயரை விட்டுவிடுவதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. குடியிருந்த நிலம் அவர்கள் கையால்தானே வந்தது!

அப்பம்மாவின் சீதன உறுதியை, அதாவது காணியைச் சீதனமாக எழுதிக் கொடுத்த பத்திரத்தை, தேடுங்கள். என் தாயாரின் உறுதி என்னிடம் இருக்கிறது. காணிப் பெயர், இத்தனை பரப்பு இத்தனை குழி, நாலு எல்லை, கிணற்றில் பங்கு, வழிவாய்க்கால் உரிமை எல்லாம் முற்றுப்புள்ளியே இல்லாமல் ஒரே வசனமாக ஓடும். காணி தனக்கு எப்படி வந்தது என்று கொடுப்பவர் சொல்லும் இடத்தில் முந்திய உறுதியின் இலக்கம், திகதி, அதை எழுதிய நொத்தாரிசின் பெயர் வரும். அதுதான் உங்களுக்கு வேண்டியது.

எல்லைக்காரரையும் விடாதீர்கள். ஒரு தாயின் காணியைப் பிள்ளைகளுக்குப் பிரித்திருந்தால் பக்கத்துக் காணிக்காரி சகோதரியாகத்தான் இருப்பார். தாயாரின் உறுதியில் வடக்கெல்லையில் இருந்த ஒரு பெயரை விசாரித்துப் போய்த்தான் நான் பூட்டியின் தங்கை குடும்பத்தைக் கண்டுபிடித்தேன். அப்படியொரு தங்கை இருந்ததே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

அளவெட்டியான்:
ஆச்சி சொன்னது சரி. அதோடு இறந்தவரின் அந்தியேட்டிக் கிரியைக்கு அச்சடிக்கிற 'கல்வெட்டு' என்னும் நினைவு மலர்களையும் பாருங்கள். பலவற்றில் கடைசிப் பக்கங்களில் வம்சாவளி இருக்கும். நூலகம் இணையத்தளத்தில் நிறைய நினைவு மலர்களை ஏற்றியிருக்கிறார்கள், ஊர்ப் பெயர் போட்டுத் தேடலாம். அப்புறம் ஊர்க் கோயிலில் எந்தத் திருவிழா எந்தப் பகுதியாரின் உபயம் என்று கேளுங்கள். இடம்பெயர்ந்து போனவர்களும் உபயத்தை விடுவதில்லை.

ரொறன்ரோப் பேரன்:
பெரிய மாமியிடம் உறுதி இருந்தது! படம் எடுத்து அனுப்பினார். அப்பம்மாவின் சீதனம்தான். கொடுத்தவர்கள் அவரின் தாயும் தகப்பனும். மேற்கெல்லை ஒழுங்கை, தெற்கெல்லையில் ஒரு பெண் பெயர். ஆனால் முந்திய உறுதியின் இலக்கம் இருந்த இடத்தில் தாள் மடிந்து கிழிந்துவிட்டது. இனி வழி உண்டா?

வலிகாமத்து ஆச்சி:
உண்டு தம்பி. முதல் தாளின் மேல்பக்கத்தையும் கடைசித் தாளின் பின்பக்கத்தையும் படம் எடுக்கச் சொல்லுங்கள். காணிப் பதிவகத்தில் பதிந்த உறுதி என்றால் பதிவுப் புத்தகத்தின் எண்ணும் பக்கமும் எழுதி முத்திரை குத்தியிருப்பார்கள். அந்தப் பக்கத்தின் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். அந்தக் காணி கைமாறிய விவரம் வரிசையாக அதில் இருக்கும். தெற்கெல்லைப் பெண் யார் என்று மாமியிடம் இன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள்.