அவசர அகதி நிதியை அரசு எப்படி இவ்வளவு விரைவாக விடுவிக்கிறது?

கேள்வி:
2021 ஜூலையில், ஆப்கானிஸ்தான் நிலைமையால் ஆபத்துக்குள்ளானவர்களுக்காக 10 கோடி டாலர் வரை செலவிட அமெரிக்க அதிபர் பைடன் ஒப்புதல் அளித்தார். காபூல் வீழ்ந்ததோ ஆகஸ்ட் 15-ஆம் தேதிதான். நாடாளுமன்றம் புதிதாக வாக்களிக்காமல், ஒரே கையொப்பத்தில் இவ்வளவு பணம் எடுக்க முடிவது எப்படி? இந்த ஏற்பாடு போதுமானதா?

மறுமொழி 1:
நாடாளுமன்றத்தின் ஒப்புதல் முன்கூட்டியே பெறப்பட்டுவிட்டது என்பதுதான் விடை. 1962-ஆம் ஆண்டின் புலம்பெயர்வு மற்றும் அகதிகள் உதவிச் சட்டத்தின்கீழ் இதற்கெனத் தனி அவசர நிதி இருக்கிறது. எதிர்பாராத, அவசரமான தேவை எழுந்துள்ளது என்றும், அதற்கு உதவுவது நாட்டின் நலனுக்கு முக்கியம் என்றும் அதிபர் எழுத்து மூலம் தீர்மானித்தால் அதிலிருந்து பணம் எடுக்கலாம். அந்தத் தீர்மானம் அரசிதழிலும் வெளியாகும். வழக்கமான அகதிகள் உதவிக்கு வேறு கணக்கு உண்டு. அவசர நிதியில் செலவாகாத தொகை ஆண்டு முடிவில் காலாவதியாவதில்லை என்பதைத்தான் இதன் உண்மையான பலமாக நான் கருதுகிறேன். ஏனெனில் அடுத்த நெருக்கடி நிதியாண்டைப் பார்த்து வருவதில்லை.

மறுமொழி 2:
சட்ட விளக்கம் சரியே. ஆனால் போதுமானதா என்ற கேள்விக்கு என் விடை, இல்லை என்பதுதான். 2017 ஆகஸ்ட் 25-க்குப் பின் மியன்மாரிலிருந்து 7 லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்துக்குள் வந்தார்கள். அந்த முதல் மாதங்களில், மூங்கில் கழிகளையும் சுருட்டிய தார்ப்பாயையும் தோளில் சுமந்துகொண்டு, மழையில் வழுக்கும் செம்மண் மேட்டில் ஏறிய குடும்பங்களை காக்ஸ் பஜாரில் நேரில் பார்த்தேன். அந்தத் தார்ப்பாயை உரிய நேரத்தில் கொண்டுவந்து சேர்ப்பது இத்தகைய விரைவு நிதிதான்; அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனால் கேமராக்கள் அகன்றபின் நடந்ததைப் பாருங்கள். 2023-இல் நன்கொடை குறைந்ததால் உலக உணவுத் திட்டம் அவர்களுடைய மாத உணவு உதவியை ஆளுக்கு 12 டாலரிலிருந்து மார்ச்சில் 10 ஆகவும், ஜூனில் 8 ஆகவும் குறைத்தது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 27 சென்ட்! அகதி முகாமில் வேலை செய்து சம்பாதிக்கவும் பெரும்பாலும் அனுமதி கிடையாது.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் அவசர நிதியைப் பெரிதாக்கினால் தீருமா?

மறுமொழி 1:
அதனால் மட்டும் தீராது. ஐ.நா.வின் மத்திய அவசரகால நிதி 2006 முதல் இரண்டு வழிகளில் பணம் தருகிறது: ஒன்று திடீர் நெருக்கடிகளுக்கு, மற்றொன்று நிதி கிடைக்காமல் கைவிடப்பட்ட பழைய நெருக்கடிகளுக்கு. இந்த இரண்டாவது வழியை ஒவ்வோர் அரசும் தன் சட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும். "எதிர்பாராத தேவை" என்ற சொல்லுக்குள் ஐந்தாம் ஆண்டுப் பசி அடங்காது.