பயன்படும் கிறிஸ்துமஸ் பரிசு: சேலம், ஏற்காடு அன்பர்களின் அனுபவங்கள்

நாகலூர் வாசி:
ஏற்காட்டுக் காபியைப் பரிசாகக் கொடுப்பது எங்கள் குடும்ப வழக்கம். சென்ற டிசம்பரில் ஒரு சாலையோரக் கடையில், ‘இந்த ஆண்டின் புதிய அறுவடை’ என்று அச்சிடப்பட்டிருந்த காபித்தூள் பொட்டலங்களை எடுத்துக்கொண்டிருந்தேன். பறிப்பு வேலை முடிந்து, பழச்சாறு பிசுபிசுத்த விரல்களோடு தேநீர்க் குவளையைப் பிடித்து நின்ற ஓர் அம்மாள், “பழம் இன்னும் செடியிலதானுங்க இருக்குது, தூளு எங்கிருந்து வந்துச்சு?” என்று கேட்டார். கடைக்காரர் சிரித்துச் சமாளித்தார். ஏற்காடு அமைந்த சேர்வராயன் மலையில் அராபிகா வகைக் காபிப் பழம் கிறிஸ்துமஸை ஒட்டிய குளிர்மாதங்களில்தான் பறிக்கப்படுகிறது; அதன் தோலை நீக்கி, ஊறவைத்துக் கழுவி, களத்தில் காயவைத்து, மேலோட்டை உரித்து, தரம் பிரித்து வறுப்பதற்குள் பல வாரங்கள் ஓடிவிடும். ‘போன பருவத்துக் காபி’ என்று எழுதியிருந்தால் மகிழ்ச்சியோடு வாங்கியிருப்பேன். அந்த அம்மாளின் கேள்விக்குக் கடையில் இருந்த ஒருவரும் பதில் சொல்லாததுதான் இன்றும் உறுத்துகிறது.

சூரமங்கலம் ஆசிரியை:
பிளாஸ்டிக் மரம் வேண்டாம் என்று தீர்மானித்து, எங்கள் அன்பியத்தின் (கோயில் பங்கைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் குழு) சார்பில் புதிதாகக் குடிவந்த குடும்பத்துக்குத் தொட்டியில் வளர்ந்த, கிறிஸ்துமஸ் மரமாக வைக்கப்படும் அரக்கேரியா கன்றைக் கொடுத்தார்கள். அதைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு என்னுடையது. இரண்டாம் மாடி வாடகை வீடு. அந்தப் பெண் தொட்டியை வாங்காமல், வாசற்படியில் நின்றபடியே, “வீடு மாத்தறப்போ இதை எங்க வெக்கறதுங்க டீச்சர்?” என்றார். நிலத்தில் நட்டால் மாடி வீட்டைத் தாண்டி உயரும் மரம் அது. அவருடைய கேள்வியில் நன்றியின்மை இல்லை, கணக்கு இருந்தது. கன்று இப்போது கோயில் வளாகத்தில் நிற்கிறது; அந்தக் குடும்பத்துக்கு என்ன கொடுத்தோம் என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

அழகாபுரம் காபிப் பிரியர்:
நாகலூர் நண்பர் ஒரு சிறிய பிழையைப் பெரிதாக்குகிறார் என்று நினைக்கிறேன். வறுக்காத கொட்டை ஈரமில்லாத இடத்தில் பல மாதங்கள் தாங்கும்; அரைத்த தூளோ சில வாரங்களிலேயே மணம் இழக்கும். ஆகவே எந்தப் பருவத்துப் பழம் என்பதைவிட, என்றைக்கு வறுத்தது, சிக்கரி எவ்வளவு கலந்திருக்கிறது என்பவையே பரிசு கொடுப்பவர் கேட்கவேண்டிய கேள்விகள்.

என் அனுபவம் சிறியது. பேரன் தங்க நிறத் தாளைக் கிழித்தெறிந்தபோது என் தாயார் அதைப் பொறுக்கி, செய்தித்தாளை மடிப்பதுபோல் மடிக்கப் பார்த்தார். அது ஒவ்வொரு முறையும் தானாக விரிந்துகொண்டது. “இது காகிதமே இல்லடா” என்று கீழே போட்டுவிட்டார். இதைப் படிப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: பளபளக்கும் உறையைக் கையில் கசக்கிப் பாருங்கள். கசங்கியபடி நிற்காமல் விரிந்தால், பெரும்பாலும் அது உலோகப் பூச்சுள்ள பிளாஸ்டிக் படலம். பழைய காகிதத்தோடு அதைப் போடமுடியாது. மினுக்குத்தூள் ஒட்டிய வாழ்த்து அட்டைக்கும் அதே கதிதான். இவற்றுக்குப் பதிலாகக் கைத்தறித் துண்டில் சுற்றிக் கொடுங்கள், உறையே பரிசாகிவிடும். அதுவும் இயலாவிட்டால் மஞ்சப்பை இருக்கவே இருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தமிழகத்தில் 2019 ஜனவரி முதல் தடை இருந்தும், பண்டிகை வந்தால் நாம் அதை மறந்துபோவது எனக்கு விளங்கவே இல்லை.

அம்மாபேட்டை தறிக்காரர் மகன்:
கைத்தறித் துண்டு என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள் ஐயா. கிறிஸ்துமஸ் நெருங்கிய வேளையில் ஒரு நிறுவனத்தின் கொள்முதல் அலுவலர் எங்கள் வீட்டுக்கு வந்து, ஊழியர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் வெண்பட்டு அங்கவஸ்திரம் வேண்டும் என்று முன்பணம் கொடுத்தார். பாவு ஓட்டுவதற்கே, அதாவது நீளவாட்டு இழைகளைத் தறிக்குத் தயார் செய்வதற்கே, நாளாகும் என்று என் தந்தை சொன்னதற்கு, “விசைத்தறியில ஓட்டி, கைத்தறின்னு சீட்டு ஒட்டிக் குடுங்க, யாருக்குத் தெரியப்போவுது?” என்றார். தந்தை எதுவும் பேசவில்லை. உள்ளே போய் அந்தப் பணத்தை எடுத்துவந்து, பாதி நெய்த பாவின் மேல் வைத்துவிட்டுத் தறிக்குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டார். சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு, கையால் நெய்த துணி என்று காட்டும் கைத்தறிக் குறியீடும் 2006 முதல் உண்டு. ஆயினும் அந்த அலுவலர் வேறெங்கோ வாங்கிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம். அதன் உறையில் என்ன அச்சிட்டிருந்தது என்பதை நான் பார்க்கவில்லை.

செவ்வாய்ப்பேட்டை மருமகள்:
மஞ்சப்பையை எல்லாவற்றுக்கும் மருந்தாகச் சொல்பவர்கள் என் அத்தையின் வீட்டுக் கதவின் பின்புறத்தைப் பார்க்கவேண்டும். திருமணம், காதுகுத்து, கடைத்திறப்பு என்று வந்த துணிப்பைகள் ஆணி தாங்காத அளவுக்குத் தொங்குகின்றன. சென்ற கிறிஸ்துமஸ் அன்று கேக்கை நான் புதுப் பையில் கொண்டுபோனேன். அவர் கேக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தப் பையோடு இன்னும் ஒரு கட்டுப் பைகளைச் சேர்த்து என் கையில் திணித்தார். பருத்திப்பையைப் பலமுறை பயன்படுத்தினால்தான் அதைத் தயாரிக்கச் செலவான தண்ணீருக்கும் உழைப்புக்கும் ஈடாகும். இருக்கும் பைகளையே பயன்படுத்துவது பற்றி அழகாபுரத்தார் ஒரு வரிகூட எழுதவில்லை.

அம்மாபேட்டை நண்பரிடம் ஒரு கேள்வி: கிறிஸ்துமஸுக்குக் கைத்தறி வேண்டுமானால் எப்போது சொல்லவேண்டும்?

அம்மாபேட்டை தறிக்காரர் மகன்:
ஆடியிலேயே சொல்லிவிடுங்கள் அக்கா. அது பொதுவாக வியாபாரம் மந்தமான மாதம். அப்போது வரும் வேலைதான் தறியை நிற்காமல் ஓடவைக்கும். தீபாவளி வேலை தொடங்கிய பிறகு வந்தால், உங்களுக்கும் மறுப்புத்தான் கிடைக்கும்.