களர் நிலத்தைத் திருத்த ஆசை: பி.எஸ்சி. வேளாண்மையா, பி.டெக். வேளாண் பொறியியலா?

மேட்டுவாய்க்கால்:

எல்லாருக்கும் வணக்கம். ப்ளஸ் டூ முடித்திருக்கிறேன். அரசுப் பள்ளி. கணக்கு, உயிரியல் இரண்டும் படித்தேன். ஊர் திருச்சி பக்கம், புதுக்கட்டளை மேட்டுவாய்க்கால் பாசனம்.

எங்களுக்கு 3 ஏக்கர். வடக்கு ஓரம் ஒரு ஏக்கர் களர். மழை பெய்தால் தண்ணீர் கலங்கலாக அப்படியே நிற்கும், உள்ளே இறங்காது. காய்ந்தால் மண்வெட்டி துள்ளும். நட்ட நாற்றில் பாதி வேர் பிடிக்காமலே போய்விடும். 4 வருஷமாக அப்பா அதைத் தரிசாகப் போட்டுவிட்டார். இப்போது மனைக்குக் கேட்டு ஆள் வருகிறார்கள்.

அந்த நிலத்தைத் திருத்தவாவது விவசாயம் படிக்க வேண்டும் என்று இருக்கிறேன். மாமா நர்சிங் எடுக்கச் சொல்கிறார். மண், தண்ணீர், நிலப் பராமரிப்பு இதற்கெல்லாம் எந்தப் படிப்பு சரி? சேர்ந்தால் முடிக்க 4 வருஷம். அதுவரை அப்பா நிலத்தை வைத்திருப்பாரா என்பதுதான் பெரிய பயம்.

ஏர்முனை:

முதலில் விண்ணப்ப விஷயம், நிறையப் பேர் இதில்தான் தவறுகிறார்கள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்துக்குக் கலந்தாய்வு தனி. பொறியியல் கலந்தாய்வில் பதிந்துவிட்டு இதுவும் அதில் வரும் என்று காத்திருக்காதீர்கள். நீட் தேவையில்லை, ப்ளஸ் டூ மதிப்பெண்தான். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வேளாண் படிப்புகளுக்கும் உண்டு, அதை விட்டுவிடாதீர்கள்.

பொறியியல் கல்லூரிகளில் இருக்கும் பி.இ. வேளாண் பொறியியல், பி.எஸ்சி. வேளாண்மையிலிருந்து வேறு படிப்பு. அதைப் படித்தால் வேளாண்மை அலுவலர் ஆகலாம் என்று எங்கள் தெருவில் ஒருவர் சேர்ந்து, மூன்றாம் வருஷம்தான் விவரம் தெரிந்துகொண்டார். அந்த வேலைக்குப் பி.எஸ்சி. வேளாண்மை வேண்டும். பொறியியல் படித்தவர்களுக்கு வேளாண் பொறியியல் துறையில் உதவிப் பொறியாளர் வேலை உண்டு.

தக்கைப்பூண்டு:

தங்கச்சி, உன் கேள்வியை நேற்றே படித்துவிட்டேன். அவசரத்தில் பதில் எழுத மனசு வரவில்லை. எங்கள் வீட்டிலும் இதே மாதிரி ஒரு மூலை இருந்தது.

நான் படித்தது நவலூர் குட்டப்பட்டு அன்பில் தர்மலிங்கம் வேளாண் கல்லூரி. அந்த வட்டாரமே களர்தான், கல்லூரிப் பண்ணையும் அதே மண். டி.ஆர்.ஒய் 1, டி.ஆர்.ஒய் 3 என்று களருக்கான நெல் ரகங்கள் இருக்கின்றன அல்லவா, அந்த 'டி.ஆர்.ஒய்' திருச்சியைத்தான் குறிக்கும். விவசாயக் கல்லூரி என்றால் வண்டல் மண்ணில் இருக்கும் என்று நினைத்துப் போனேன். முதல் வாரம் வயலில் இறங்கியதும் எங்கள் மூலையையே திரும்பப் பார்த்த மாதிரி இருந்தது. அன்றைக்கு எனக்குப் பெரிய நிம்மதி.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன். 'நில மேலாண்மை' என்று பெயர் போட்ட பட்டத்தைத் தேடிக்கொண்டிருக்காதே. அது பல துறைகளில் பிரிந்து கிடக்கிறது. பி.டெக். வேளாண் பொறியியலில் நிலச் சமன்படுத்தல், வரப்பு, தடுப்பணை, வடிகால், சொட்டுநீர் என்று தண்ணீரும் மண்ணும் ஓடும் கணக்கு நன்றாக வரும். பி.எஸ்சி.யில் பயிர், பூச்சி, நோய், விதை, பொருளாதாரம், விவசாயிகளிடம் தொழில்நுட்பத்தைக் கொண்டுசேர்க்கும் விரிவாக்கம் எல்லாம் உண்டு, மண்ணியல் அதில் ஒரு பகுதி மட்டுமே. ஆனால் களர் என்பது மண்ணின் வேதியியல். அது பிடிபட வேண்டுமானால் பி.எஸ்சி., அதற்கு மேல் விருப்பம் இருந்தால் எம்.எஸ்சி.யில் மண்ணியலும் வேளாண் வேதியியலும். உன் இடத்தில் நான் இருந்தால் பி.எஸ்சி.தான் எடுப்பேன்.

இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன், நீ அதைச் செய்யாதே.

இரண்டாம் வருஷம் ஆய்வகத்தில் எங்கள் வீட்டு மண்ணையே கொண்டுபோய்ப் பார்த்தேன். கார அமில நிலை (பி.எச்) 9.4, ஏழுதான் நடுநிலை, அதற்கு மேலே போகப் போகக் காரம். மண்ணில் மக்கிய பொருள் எவ்வளவு என்று காட்டும் அங்கக கரிமம் 0.32 சதவீதம், அரை சதவீதத்துக்குக் கீழே போனாலே குறைவு என்று கணக்கு. களிமண் துகளைச் சோடியம் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஜிப்சத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்து போய் அந்த இடத்தில் உட்கார்ந்தால் சோடியம் வெளியே வந்துவிடும் என்று பாடத்தில் படித்திருந்தேன். அப்பாவிடம் சண்டை போட்டு, சித்திரை விடுமுறையில் ஏக்கருக்கு ஒரு டன் ஜிப்சம் வாங்கி, காய்ந்த மண்ணில் கொட்டி உழவு ஓட்டினோம். அம்மாவின் சீட்டுப் பணம் அது. ஐப்பசியில் நட்டோம். பயிர் முன்பு மாதிரியேதான் கருகியது. அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

மண்ணியல் ஆசிரியரிடம் போய் அழுதேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "சரிம்மா, வெளியே வந்த சோடியம் எங்கே போச்சு?"

எங்கேயும் போகவில்லை. எங்கள் வயலுக்கு வடிகாலே கிடையாது. ஜிப்சம் போட்டு, ஆழம் இல்லாமல் உழுது, நல்ல தண்ணீரைக் கட்டி ஒரு நாள் நிறுத்தி வடிக்க வேண்டும், அப்படி மூன்று நான்கு தடவை. வடிக்க வழி இல்லாத வயலில் ஜிப்சம் போடுவது, அடைத்துக்கொண்ட தொட்டியில் சோப்பைப் போட்டுக்கொண்டே இருப்பது மாதிரி. போட்ட அளவும் தப்பு. மண்ணை முறையாகச் சோதித்தபோது, தேவையில் பாதி போட்டாலே ஏக்கருக்கு 2 டன் வந்தது.

வடிகால் வெட்டலாம் என்றால், தண்ணீர் கீழ்வயலுக்குத்தான் இறங்கும். அது என் பெரியப்பா வயல். "உன் உப்பைக் கழுவி என் வயலில் விடுவியா?" என்றார். அவர் கேட்டது நியாயம். எந்தப் பாடத்திலும் இதற்கு விடை எழுதியிருக்கவில்லை. இறுதியாண்டில் கிராமத்தில் தங்கி வேலை பார்க்க அனுப்புவார்கள், 'ராவே' என்போம். ஊர்க்காரர்களோடு தரையில் உட்கார்ந்து, கோலப்பொடியில் ஊர் வரைபடம் போட்டு, எந்த வாய்க்கால் எங்கே போகிறது என்று அவர்கள் வாயாலேயே கேட்பது அதில் ஒரு வேலை. நான் அதை எங்கள் வீட்டுத் திண்ணையில் செய்தேன். ஐந்து பங்காளிகளும் சேர்ந்து, வரப்போரமாக ஓடை வரைக்கும் பொது வடிவாய்க்கால் வெட்டினார்கள். பெரியப்பா வயலிலும் ஒரு ஓரம் களர் ஏறிக்கொண்டுதான் இருந்தது, அவரும் வடிக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஜிப்சம், தண்ணீர் கட்டி வடிப்பு, பின்னால் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு. பூக்கிற பருவத்தில் மடக்கி உழுதோம். களரிலும் வளரும் செடி அது, என் பெயரை அதிலிருந்துதான் எடுத்தேன். அடுத்த சாகுபடிக்கு டி.ஆர்.ஒய் 3 நட்டோம், குத்துக்கு இரண்டு நாற்று கூடுதலாக வைத்து. முழு விளைச்சல் இல்லை, ஆனால் வயல் முழுக்கப் பச்சை இருந்தது. மூன்றாம் வருஷம் மண்ணின் கார அமில நிலை 8.6-க்கு இறங்கியது.

அதனால்தான் சொல்கிறேன், படித்து முடித்துவிட்டு வந்து திருத்தலாம் என்று இருக்காதே. களர் திருந்தவும் உன் படிப்பு முடியவும் ஏறக்குறைய ஒரே காலம்தான் ஆகும். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கு. கோவையில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் இருக்கிறது. தொழுவுரம், ரசாயன உரம், ஒன்றுமே போடாதது என்று பாத்தி பாத்தியாகப் பிரித்து, நூறு வருஷம் தாண்டி ஒரே விதமாக நடத்திவருகிறார்கள். வாய்ப்புக் கிடைத்தால் போய் அந்த வரப்பில் நின்று பார். நிலத்துக்கு வருஷக் கணக்குதான் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது.

அப்பாவிடம் "நாலு வருஷம் பொறுங்கள்" என்று கேட்காதே. "இந்த வருஷம் வடிகால் மட்டும்" என்று கேள். ஒரு ஏக்கருக்கு ஒரு வேலை, ஒரு வருஷம். மனைக்குக் கேட்பவர்களிடம் சொல்ல அவருக்கும் ஒரு பதில் கிடைக்கும்.

மேட்டுவாய்க்கால்:

அக்கா, அப்பாவிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். கீழ்வயல் விஷயம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்களுக்கும் கீழே சித்தப்பா வயல்தான். வாய்க்கால் தண்ணீர் இல்லாத மாதம் போர் தண்ணீர்தான் பாய்ச்சுகிறோம், அதனால் ஏதாவது கெடுமா?

வடக்கு வெளி:

அறுபது வயதுக்காரன் சொல்கிறேன், போர் தண்ணீரையும் சோதிக்கச் சொல்லும்மா. எங்கள் பக்கம் களர் வந்ததே போர் போட்ட பிறகுதான். அப்புறம் ஒன்று, என் மகனும் பி.எஸ்சி. வேளாண்மை படித்தான், இப்போது வங்கியில் வேளாண் கள அலுவலர். வயலுக்குத் திரும்பவில்லை என்று முதலில் எனக்கு வருத்தம். ஆனால் கடன் கேட்டு வருகிறவனின் நிலத்தைப் போய்ப் பார்த்துப் பேசுகிறான். நீ எங்கே வேலைக்குப் போனாலும் பரவாயில்லை. அந்த ஒரு ஏக்கரை விற்க விடாதே.

தக்கைப்பூண்டு:

பெரியவர் சொன்னது சரி. போர் தண்ணீரில் சோடியம் கார்பனேட் மிஞ்சியிருந்தால், நீ எவ்வளவு ஜிப்சம் போட்டாலும் அது திரும்பத் திரும்பக் களராக்கும். தண்ணீரை அரை மணி நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் பாட்டிலைக் கழுவி, அரை லிட்டர் பிடித்துக்கொள்.

இன்றைக்கே வீட்டில் ஒன்று செய்து பார். களர்ப் பக்கத்திலிருந்து நெல்லிக்காய் அளவு காய்ந்த கட்டி ஒன்று, நல்ல வயலிலிருந்து ஒன்று. இரண்டு கண்ணாடி டம்ளரில் மழைத்தண்ணீர் ஊற்றி மெதுவாகப் போடு, கலக்காதே. களர்க்கட்டி கரைந்து தண்ணீர் பால் மாதிரி ஆகும். அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்.

மேட்டுவாய்க்கால்:

செய்தோம் அக்கா. கால் மணி நேரத்தில் ஒரு டம்ளர் முழுக்க வெண்மை. மற்றதில் கட்டி உதிர்ந்தது, தண்ணீர் தெளிவாகவே இருக்கிறது. அப்பா இரண்டையும் ஜன்னலில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். சனிக்கிழமை சித்தப்பாவை வரச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கே மண் மாதிரியும் எடுக்கலாமா?

தக்கைப்பூண்டு:

எடுக்கலாம். வரப்போரம், எருக்குழி, மரத்தடி தவிர்த்துவிடு. களருக்கு மேல்மண் மட்டும் போதாது, ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி ஆழத்தில் தனித்தனியாக எடு. நிழலில் உலர்த்தித் தனித்தனிப் பையில் கட்டி, ஆழத்தை எழுதி உள்ளே போடு. ஒவ்வொன்றிலும் ஒரு பிடி உனக்கென்று எடுத்து வைத்துக்கொள். கல்லூரியில் சேர்ந்ததும் நீயே சோதிக்கலாம்.