நூறாண்டுக்குப் பின் குளக்கரையில் முளைத்த செடி: விதை சேற்றில் கிடந்ததா, பறவை கொண்டுவந்ததா?

கேள்வி — ஏரிக்கரையான்

இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில், ஹேடன் என்னும் ஊரின் பண்ணை நிலத்திலுள்ள பழைய குளம் ஒன்றின் கரையில், கிராஸ்-பாலி (லைத்ரம் ஹிஸ்ஸோபிஃபோலியா) என்னும் சிறு செடியை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பேராசிரியர் கார்ல் சேயர் 2020-இல் கண்டறிந்தார். அம்மாவட்டத்தில் அது நூறு ஆண்டுகளாகக் காணப்படாதிருந்த செடி. வில்லோ மரங்கள் அடர்ந்து இருண்டு கிடந்த அந்தக் குளத்தைச் சீரமைத்த பிறகே அது முளைத்தது என்றும், விதைகள் அவ்வளவு காலமும் சேற்றுக்குள் உறங்கிக் கிடந்தன என்றும் விளக்கம் தருகிறார்கள். ஈரத்தில் கிடக்கும் விதை அழுகாமல் ஒரு நூற்றாண்டு தாங்குமா? வாத்தின் காலில் ஒட்டிக்கொண்டு வேறெங்கிருந்தோ வந்திருக்கக் கூடாதா? எங்கள் ஊர் ஏரியைத் தூர்வாரும் பேச்சு நடந்துகொண்டிருப்பதால் இதைத் தெளிவாக அறிந்துகொள்ள விரும்புகிறேன்.

மறுமொழி — வண்டல்

ஈரம் மட்டுமே விதையை அழுகச் செய்வதில்லை. ஈரத்தோடு காற்றும் வெப்பமும் சேரும்போதுதான் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்குகின்றன. குளத்தின் அடிச்சேற்றில் ஒரு சில அங்குலத்துக்குக் கீழே போனாலே உயிர்வளி அநேகமாக இல்லை, வெளிச்சம் அறவே இல்லை, வெப்பநிலையும் பெரிதாக ஏறி இறங்குவதில்லை. சிறு விதைகள் பலவற்றுக்கு முளைப்பதற்கான தூண்டுதலே வெளிச்சமும் பகலிரவு வெப்ப மாற்றமும்தான் என்பதால், அவை கிடைக்காதவரை விதை வெறுமனே காத்திருக்கிறது. ஜப்பானின் சிபாவில் 1951-இல் இச்சிரோ ஓகா கரிச்சேற்றிலிருந்து எடுத்த தாமரை விதை, சுமார் 2000 ஆண்டுப் பழைமையுடையது என்று கருதப்படுவது, அடுத்த ஆண்டே பூத்தது. தாமரை விதையின் ஓடு கல்லைப்போன்றது, ஆகையால் அதைக் கிராஸ்-பாலியின் பொடி விதைக்கு அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். சேறு விதையைக் காக்கும் என்பதற்கு மட்டுமே சொன்னேன்.

நார்ஃபோக்கில் இதற்கு இன்னும் நேரான சான்று இருக்கிறது. அங்குள்ள குளங்களில் பல, வயலுக்கு இடும் சுண்ணாம்புக் களிமண்ணுக்காக முன்காலத்தில் வெட்டப்பட்டவை. பின்னாளில், சிறப்பாக இரண்டாம் உலகப் போருக்குப் பின், சாகுபடிப் பரப்பைக் கூட்டுவதற்காக ஏராளமான குளங்களை மண்ணடித்து மூடிவிட்டார்கள். பழைய நிலப்படங்களைக் கொண்டும், வயலில் மட்டும் தனியே ஈரம் தங்கும் தாழ்விடங்களைக் கொண்டும் அத்தகைய புதைகுளங்களின் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். மேல்மண்ணை அகற்றிக்கொண்டே போனால் ஓர் ஆழத்தில் கறுத்த பழஞ்சேறு தட்டுப்படும். அதுவே அந்தக் காலத்துக் குளத்தின் தரை. எமிலி ஆல்டர்ட்டன், கார்ல் சேயர் உள்ளிட்டோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இவ்வாறு மூன்று புதைகுளங்களைத் திரும்பத் தோண்டியபோது, 50 முதல் 150 ஆண்டுகள் வரை புதைந்து கிடந்த விதைகளிலிருந்து எட்டு நீர்த்தாவர இனங்கள் ஆறு மாதத்துக்குள் தழைத்துவிட்டன.

வில்லோவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது நம் ஆற்றுப்பாலையின் இனம். முன்பு ஆடுமாடுகள் இறங்கி நீர் குடித்து மிதித்ததால் கரைச்சேறு திறந்தே கிடந்தது. மேய்ச்சல் நின்றதும் புதரும் மரமும் ஏறி நிழல் மூடியது. கிராஸ்-பாலி போன்ற ஓராண்டுச் செடிகளுக்கு வெயில் படும் வெற்றுச் சேறு வேண்டும். சர்ரே, பக்கிங்ஹாம்ஷர் பகுதிகளில் ஒருசில குளங்களில் எஞ்சியிருக்கும் நட்சத்திரக்காய்ச் செடியான டமசோனியமும் இப்படித்தான்: மாடு மிதித்தால் வாழும், யாரும் தொடாமல் ‘பாதுகாத்தால்’ மறைந்துபோகும்.

மறுமொழி — வலசை

பறவையை அவ்வளவு எளிதில் விலக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். டார்வின் ஒரு சிறு குளத்தின் ஓரத்தில் மூன்று இடங்களிலிருந்து மூன்று மேசைக்கரண்டிச் சேற்றை எடுத்து, தம் அறையில் மூடிவைத்து, முளைத்த ஒவ்வொரு செடியையும் பிடுங்கி எண்ணினார். ஆறு மாதத்தில் 537 செடிகள்! காய்ந்தால் 190 கிராம் அளவே எடையுள்ள அந்தச் சேறு முழுவதும் ஒரு கோப்பைக்குள் அடங்கிவிட்டது. நீர்ப்பறவையின் காலில் ஒட்டும் சிறிதளவு சேறுகூட விதைகளைத் தொலைவுக்குக் கொண்டுபோகும் என்பதை நிறுவத்தான் அவர் இதைச் செய்தார். வாத்தின் குடலைக் கடந்து உயிரோடு வெளிவரும் விதைகளும் உண்டு.

மறுமொழி — வண்டல்

மறுக்கவில்லை, ஐயா. ஆனால் அதே சோதனை, ஒரு கைப்பிடிச் சேற்றில் எத்தனை விதைகள் காத்திருக்கின்றன என்பதையும் காட்டிவிடுகிறதே. சீரமைத்த பிறகே செடி முளைத்ததையும், பல பத்தாண்டுகளாக வாத்துகள் வந்துபோயும் அது வேரூன்றாததையும் சேர்த்துப் பார்த்தால், தடையாக இருந்தது விதைப் பஞ்சமன்று, நிழலே என்று நான் கொள்கிறேன்.

மறுமொழி — உலர்தாவரன்

இருவர் சொல்வதும் நடக்கக்கூடியதே. ஒரு குறிப்பிட்ட செடி எவ்வழியில் வந்தது என்பதைப் பிறகு உறுதியாகச் சொல்வது கடினம். நான் சொல்ல விரும்புவது வேறு. ‘நூறாண்டாக இல்லை’ என்ற கூற்றின் வலிமை, அந்த நூறாண்டில் எத்தனை பேர் தேடினார்கள் என்பதைப் பொறுத்தது. இங்கிலாந்தில் மாவட்டந்தோறும் செடிகளைப் பதிவுசெய்யும் ஆர்வலர் மரபு நெடுங்காலமாக இருப்பதால், அங்கே ‘காணவில்லை’ என்பதற்குப் பொருள் உண்டு. நம் ஏரிகளைப் பற்றி ‘மீள்கண்டுபிடிப்பு’ என்று வரும் செய்திகளில் சில, உரிய மாதத்தில் அந்த உள்வாய்க்கு (ஏரியில் நீர் தேங்கும் உட்பகுதிக்கு) யாரும் போகவில்லை என்பதை மட்டுமே குறிக்கின்றன என்று எண்ணுகிறேன்.

ஆகவே அரிய செடி என ஐயுற்றால், பூவும் காயும் உள்ள ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, இடம், நாள், நீரின் ஆழம் ஆகியவற்றைக் குறித்து, கோயம்புத்தூரிலுள்ள சென்னை உலர்தாவரகத்திலோ திருச்சி தூய வளனார் கல்லூரியின் இராபினட் உலர்தாவரகத்திலோ பழைய மாதிரிகளோடு ஒப்பிடச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு செடிகளே நின்றால் பறிக்காமல் படம் மட்டும் எடுங்கள்.

ஏரிக்கரையான்

மிக்க நன்றி. எங்கள் ஏரியில் பொக்லைன் இறங்கினால், வண்டலை உழவர்கள் வயலுக்கு அள்ளிச் சென்றுவிடுவார்கள். அது பயனுள்ளதுதான், வேண்டாம் என்று ஊரில் சொல்லவும் முடியாது. விதைகளும் அதனோடு போய்விடாதா?

மறுமொழி — வண்டல்

ஒரு பங்கு போகும். ஏரி முழுவதையும் ஒரே கோடையில் ஒரே ஆழத்துக்குச் சுரண்டாமல், உள்வாயின் ஓரப் பகுதி ஒன்றைத் தொடாமல் விடும்படி கேளுங்கள். சரிவான கரையை நெட்டுக்குத்தாக வெட்டிவிட்டாலும் கரைச்செடிகளுக்கு இடமிருக்காது.

வேலை தொடங்குமுன் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். ஏரியின் பல இடங்களில் எடுத்த சேற்றை, வறுத்து ஆறவைத்த மணல்மீது தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி, வலையால் மூடி, சிலவற்றை ஈரமாகவும் சிலவற்றை விரற்கடை நீரிலும் வையுங்கள். வறுத்த மணல் மட்டும் உள்ள தட்டு ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும். அதில் முளைப்பது காற்றில் வந்தது. ஆகாயத்தாமரை விதையும் சேற்றில் பல ஆண்டுகள் தாங்கும் என்பதால், அதன் நாற்று தென்பட்டால் உடனே அகற்றிவிடுங்கள். பெரும்பாலும் கோரைகளும் நீர்மேல்நெருப்பும் வரும். நீர்மேல்நெருப்பு, கிராஸ்-பாலியைப் போலவே மருதாணிக் குடும்பத்துச் செடி. அதன் இனங்கள் ஒன்றுக்கொன்று மிக ஒத்திருப்பவை என்பதால், இலைக்கக்கத்தில் காய் பிடித்த பிறகு படம் எடுத்து இங்கே இடுங்கள்.